வாங்குக்கு எட்டு நிமிடம்

எனக்குப் பந்தாட்டம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவ்வளவு விபரமாக ஒரு ஆட்டத்தைச் சொல்கிறவன் பெரிய ரசிகனாக இருப்பான் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். இருபத்திரண்டு பேர் ஒரு தோற்பந்தை உதைப்பதும், அதைப் பார்த்து ஆயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துவதும் எனக்கு இன்றுவரைக்கும் விளங்காத சங்கதி.

கல்முனைக்குடியில் ஒரு சின்ன மருந்துச்சாலையில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். சொந்த ஊர் காரைதீவு. காலையில் சைக்கிளில் வந்து, டொக்டர் எழுதிய குளிசையை எண்ணிக் கொடுத்து, மருந்துத் தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் திரும்பிப் போகிற உத்தியோகம். ஆனால் மைதானத்தில் போட்டி என்றால் கழகத்துப் பொடியன்கள் வந்து நின்றுவிடுவார்கள். “கனகசபாபதி ஐயா பெட்டியோட வந்து குந்தினாத்தான் எங்களுக்குத் தைரியம்” என்பார்கள். தைரியம் அவர்களுக்கு, இடுப்பை நிமிர்த்த முடியாத நாரிப்பிடிப்பு எனக்கு. பஞ்சும் அயடீனும் வைத்த முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வடக்குக் கோலுக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருப்பேன்.

அந்த வடக்குக் கோலுக்குப் பின்னால் பத்து யார் தூரத்தில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஸைனம்பு ராத்தாவின் வீட்டு வளவு. என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் நானும் ஊரோடு சேர்ந்து ராத்தா என்றே கூப்பிடுவேன். எங்கள் பகுதியில் மகளுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஸைனம்பு ராத்தாவின் வாப்பாவுக்கு இரண்டு பெண்கள். மலிவாகக் கிடைத்தது என்று மைதானத்து ஓரத்துக் காணியை வாங்கி, மூத்தவருக்கும் இளையவர் உம்முவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு கட்டிவிட்டார். காணி ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் தெரிந்துபோயிற்று. பந்து வந்து அடுப்பில் இருந்த மீன் ஆணச் சட்டிக்குள் விழுந்தது.

புதுப்பெண் என்ன செய்தார் தெரியுமா? பந்தை எடுத்து, மீன் வெட்டுகிற கத்தியால் ஒரே கீறு. கீறியதை வேலிக்கு மேலால் எறிந்தும்விட்டார். ஊரில் இருந்ததே அந்த ஒரு பந்துதான். அடுத்த நாள் பொடியன்கள் மைதானத்தில் சும்மா குந்தியிருந்தார்களாம். சண்டைக்கு வந்திருந்தால் ராத்தா ஒரு கை பார்த்திருப்பார். அவர்கள் சும்மா குந்தியிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை அச்சிமுகம்மது கருவாட்டு வியாபாரி. அவர் சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்து, ராத்தா பந்தைத் தானே தைத்துக் கொடுத்தார். தைத்த பந்து சரியாக உருள்கிறதா என்று பார்க்க வேலிக் கிடுகை விலக்கிப் பார்த்தவர்தான், இருபத்தைந்து வருடம் அந்த ஓட்டையை விட்டு விலகவில்லை.

பெண்கள் மைதானத்துக்கு வருகிற வழக்கம் அந்த நாளில் இல்லை. ஆகவே ஸைனம்பு ராத்தா ஆட்டம் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது. மகன் முகைதீன்பாவா வளர்ந்து கழகத்தின் கோல்காப்பாளன் ஆனபிறகு இந்தத் ‘தெரியாத’ விசயம் பெரிய விசயமாகிவிட்டது. பாவா வடக்குக் கோலில் நின்றால் வேலிக்குள் இருந்து குரல் வரும். “மனே, ஊண்டுற காலப் பாருடா! வலப்பக்கம் வாறான்!” உதைக்கிறவன் ஊன்றுகிற காலைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவர் சொல்லிவிடுவார். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். ஒருமுறை ஒலுவில் கழகத்துக் கப்டன் நடுவரிடம் போய், கோலுக்குப் பின்னால் இருந்து ஆள் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முறையிட்டான். “ஆர் சொல்லிக் குடுக்கிற? ஆளைக் காட்டுங்க” என்றார் நடுவர். பொடியனுக்கு முகம் சிவந்துபோயிற்று. ஒரு வீட்டுப் பெண் வேலிக்குள் நின்று எட்டிப் பார்க்கிறா என்று எந்த வாயால் சொல்லுவான்? திரும்பிப் போனான். நான்கூட அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

எண்பத்தோராம் ஆண்டு ஒரு ஆட்டத்தின் நடுவே ராத்தாவுக்கு இடக்கை உளைந்து, நெஞ்சில் கல்லை வைத்ததுபோல அமத்தியது. மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இருதயத்துக்கு இரத்தம் போகிற குழாய் சுருங்கியிருக்கிறது என்றார் அங்கிருந்த டொக்டர். பாரம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, மனம் பதறுகிற எதுவும் கூடாது. வலி வந்தால் உடனே நாக்குக்குக் கீழே வைக்கச் சொல்லி ஒரு சின்னக் குளிசையும் எழுதினார். அச்சிமுகம்மது சாதுவான மனிதர், ஆனால் வெகுளி. டொக்டரிடம் பந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டார். டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றாராம். வந்த அன்றே அச்சிமுகம்மது அந்த ஓட்டையில் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

தகரம் அடித்த கதை அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த போட்டி அன்று உம்மு வந்து என்னை வளவுக்குக் கூட்டிப் போனார். ராத்தா குசினிக்குள் பாயில் இருந்தார். மைதானத்தில் ஒரு சத்தம் எழும்பும், அவர் உடம்பு தூக்கிப் போடும். “ஆருக்கு கோல்? நமக்கா அவனுகளுக்கா?” கேட்கக் கேட்க ஆள் வெளிறிப் போனார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நூற்று இருபத்தாறு. சாதாரண நாளில் எழுபத்துநாலு. முன்பொரு போட்டியின்போது, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் நாடியையும் உம்முவின் முன்னால் நான் எண்ணியிருக்கிறேன். அன்றைக்கு நூற்றுப் பத்துக்கு மேலே போகவில்லை. பார்க்கிறவளுக்கு நூற்றுப் பத்து, பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடப்பவளுக்கு நூற்று இருபத்தாறு. என்ன வைத்தியம் இது?

நான் டொக்டர் அல்ல. ஆனாலும் நேரே அச்சிமுகம்மது நானாவிடம் போய்ச் சொன்னேன். “தகரத்தைக் கழட்டுங்க நானா. பார்க்க விடுங்க. குளிசைப் போத்தலை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கட்டும். நெஞ்சு நோகத் தொடங்கினா உடனே ஒண்டு நாக்குக்குக் கீழ வைக்கட்டும்.”

அவர் கழற்றிவிட்டார். நான் சொன்னதால் கழற்றினார். அதனால்தான் பின்னால் நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறேன். ஒரு வருடம் இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. இரண்டு தரமோ மூன்று தரமோ வலி வந்து, குளிசையை வைத்து, ஐந்து நிமிடத்தில் திரும்பவும் ஓட்டைக்கு வந்து நின்றுகொண்டார்.

எண்பத்திரண்டில் நோன்பு, ஜூன் கடைசியில் தொடங்கிற்று. அதற்கு ஒரு கிழமை முன்னால் ராத்தா மருந்தெடுக்க வந்தார். என் ஜன்னலுக்கு முன்னால் நாற்பது பேர் வரிசை. ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது. போத்தலை வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஐயா, இத நோன்போடயும் வைக்கலாமா? விழுங்கிறல்லதானே?”

“அத உங்கட பள்ளி லெப்பையிட்டக் கேளுங்க ராத்தா. என்னட்ட ஏன் கேக்கிறீங்க? அடுத்த ஆள் வாங்க.”

இவ்வளவுதான் நான் சொன்னது. நான் சைவ சமயக்காரன், எனக்கு நோன்பின் சட்டம் என்ன தெரியும் என்பது நியாயந்தான். ஆனால் உயிர் போகிற வலி வந்தால் வையுங்கள் என்று சொல்ல எந்த லெப்பையும் தேவையில்லை. வரிசை நீளம், எனக்கு எரிச்சல். லெப்பையிடம் அவர் கேட்கவும் இல்லை. கேட்டால் விசயம் வீட்டுக்கு வரும். நோன்பை விடு என்பார்கள், அல்லது ஓட்டையை விடு என்பார்கள். இரண்டில் எதையும் விட அவருக்கு மனமில்லை. ஆகவே, நாக்கில் கரைந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று தானே முடிவு செய்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

நோன்பு மாதத்தில் யாரும் இறுதி ஆட்டம் வைக்கமாட்டார்கள். இது வைக்கப்பட்டதற்குக் காரணம், அரையிறுதியில் நடந்த ஒரு தகராறும் மறு ஆட்டமும். கோப்பையை அன்பளிப்புச் செய்தவர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். பெருநாளுக்கு முன்பு அவர் திரும்பிப் போக வேண்டும். தன் கையால்தான் கோப்பையைக் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கல்முனைக்குடிக்கும் ஒலுவிலுக்கும் ஆட்டம். இரண்டு பக்கமும் நோன்பாளிகள். அஸர் தொழுகை முடிந்து நாலே முக்காலுக்குத் தொடங்கி, பாதிக்கு முப்பது நிமிடம் என்று வைத்தால் ஆறு மணிக்கு முடிந்துவிடும், நோன்பு துறக்க எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அன்றைக்கு நோன்பு துறக்கிற வாங்கைப் பள்ளிவாசலில் ஆறு இருபத்தெட்டுக்குச் சொல்வார்கள்.

பகல் ஒரு மணிக்கு நான் ராத்தாவின் வாசலில் போய் நின்றேன். மனம் கேட்கவில்லை.

“ராத்தா, இண்டைக்கு நோன்ப விடுங்க. இல்லாட்டி மெச்ச விடுங்க. ரெண்டும் ஒண்டாச் சரிவராது.”

“ரெண்டையும் புடிச்சிக்கிட்டுத்தானே ஐயா இவ்வளவு காலமும் இரிக்கன்” என்று சிரித்தார். “நீங்க பயப்படாதீங்க. போத்தல் முந்தானையில இரிக்கி.”

போத்தல் இருக்கிறது என்றுதான் சொன்னார். வைப்பேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆட்டம் பதினைந்து நிமிடம் பிந்தித் தொடங்கிற்று. நாக்கு வறண்ட பொடியன்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதல் பாதியில் ஒலுவில் ஒன்று போட்டது. இரண்டாம் பாதி முடிய மூன்று நிமிடம் இருக்கையில் நம் பொடியன்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். ஆம், ‘நம்’ என்றுதான் எழுதுகிறேன், வாயில் வந்துவிட்டது. மைதானம் அதிர்ந்தது. ஆட்டம் முடியும்போது ஆறு மணி பத்து. மேலதிக நேரத்துக்கு நேரமில்லை, நேரே பெனால்டி, பக்கத்துக்கு ஐந்து, வடக்குக் கோலில் என்று நடுவர் கையைக் காட்டினார். ஆயிரம் பேரும் எங்கள் பக்கம் ஓடி வந்து அடைந்துகொண்டார்கள்.

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலிக்கு முதுகு கொடுத்துக் குந்தியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஓட்டையில் ராத்தாவின் நாலு விரல்கள் கிடுகைப் பிடித்திருப்பது தெரியும். முகம் தெரியாது.

முதலாவதை இரண்டு பக்கமும் போட்டார்கள். இரண்டாவதையும் போட்டார்கள். மூன்றாவதை நம் ஆள் கம்பத்தில் அடித்துவிட்டான். ஒலுவிலின் மூன்றாவது ஆள் பந்தை வைத்தபோது வேலிக்குள் இருந்து குரல் வந்தது. “இடப்பக்கம் மனே!” பாவா இடப்பக்கம் விழுந்தான். பந்து அவன் நெஞ்சில் பட்டுத் திரும்பியது. சனம் துள்ளியது. நான் திரும்பி வேலியைப் பார்த்தேன். விரல்கள் நாலும் வெளுத்துப்போய், கிடுகை அப்படியே இறுக்கிக்கொண்டு நின்றன.

நாலாவதை இரு பக்கமும் போட்டார்கள். ஒலுவிலின் நாலாவது அடிக்கு வேலிக்குள் இருந்து குரல் வரவில்லை.

அதை நான் கவனித்தேன். பாவாவும் கவனித்தான். மாறி நிற்பதற்காகக் கோலை விட்டு வந்தவன் என் பக்கம் குனிந்து, “ஐயா, உம்மாட சத்தத்தக் காணல்லியே?” என்றான்.

“நீ பந்தப் பாரு. நான் பாக்கிறன்” என்றேன்.

ஆறு பதினேழு. வேலியோடு ஒட்டிப்போய் வாயை ஓட்டைக்குக் கிட்ட வைத்தேன். உள்ளே உம்முவின் குரல் கேட்டது. “ராத்தா, என்னகா இப்பிடி வேர்க்கிது உனக்கு? உடம்பெல்லாம் குளுந்து கிடக்கு.” அதற்கு ராத்தா, மூச்சு வாங்க, “சத்தம் போடாத. அவனுக்குக் கேக்கும்” என்றார்.

“ராத்தா, நெஞ்சு நோகுதா?” என்றேன்.

“கொஞ்சமா” என்றார்.

“எவ்வளவு நேரமா?”

“கோல் போட்டதுல இரிந்து.”

பத்து நிமிடம் ஆகிவிட்டது. “குளிசைய வைங்க. இப்பவே வைங்க.”

“வாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானே ஐயா.”

“நோயாளிக்கு நோன்பு விட அனுமதி இருக்கெண்டு நீங்கதானே எனக்கு ஒருநாள் சொன்னீங்க?”

“தெரியும் ஐயா. விடியத்துல இரிந்து புடிச்ச நோன்பு. பத்து நிமிசத்துக்காகவா முறிக்கிற?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலியைப் பிய்த்தெறிந்திருப்பேன். ஆனால் அது இன்னொருவர் வீட்டுப் பெண்கள் நிற்கிற வளவு. வாசலால் போவதென்றால் ஒழுங்கையைச் சுற்ற வேண்டும், சனத்தை விலக்கிக்கொண்டு போக ஐந்து நிமிடமாவது ஆகும். அச்சிமுகம்மது மைதானத்தின் மறு தொங்கலில் கோப்பை மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கூப்பிட்டால் கேட்காது. நான் அங்கேயே நின்று கெஞ்சினேன். வேறென்ன செய்வது? எனக்குப் பின்னால் நம் கழகத்தின் ஐந்தாவது ஆள் பந்தை வானத்துக்கு அடித்தான். ஒலுவில்காரர் எழுப்பிய சத்தத்திலிருந்துதான் அதைத் தெரிந்துகொண்டேன்.

இப்போது மூன்றுக்கு மூன்று. ஒலுவிலுக்கு ஒரு அடி மீதி. போனால் கோப்பை அவர்களுக்கு. பாவா பிடித்தால் ஆட்டம் இன்னும் தொடரும். பாவா கோலுக்குள் போய்க் கோட்டில் நின்றான். நிற்கும்போது என்னைப் பார்த்தான். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். சரி என்று தலையாட்டவும் எனக்கு மனம் வரவில்லை, இல்லை என்று ஆட்டவும் வரவில்லை.

சனம் அடங்கிப் போயிற்று. உதைக்கிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். ஓட்டையைப் பார்த்தேன். விரல்கள் இல்லை.

நடுவரின் விசிலும் உம்முவின் அலறலும் ஒன்றாகத்தான் கேட்டன. “அல்லாவே! ராத்தா!”

பாவா திரும்பினான். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கோலை விட்டுவிட்டு ஓடிவந்து வேலியைக் காலால் உதைத்தான். கிடுகும் கம்பும் முறிந்து விழுந்தன. அவன் பின்னால் நானும் பெட்டியோடு பாய்ந்தேன். பந்து யாரும் இல்லாத கோலுக்குள் போய் வலையில் அடங்கியதை நான் பார்க்கவில்லை. ஒலுவில் சனம் எழுப்பிய ஆரவாரம் மட்டும் மண்டையைப் பிளந்தது.

ராத்தா மணலில் சாய்ந்து கிடந்தார். தலையை உம்மு மடியில் வைத்திருந்தார். முகம் சாம்பல் பூத்து, மேலுதட்டில் வேர்வை. வலக்கைக்குள் போத்தல். மூடிகூடத் திறக்கவில்லை. நாடியைத் தொட்டேன், ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. பாவா அந்தக் கையைப் பிரித்து, போத்தலைத் திறந்து, ஒரு குளிசையை எடுத்தான்.

“உம்மா, வாயத் தொறங்க.”

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்.

“உம்மா! அல்லாவுக்காகத் தொறங்கம்மா!”

திரும்பவும் அதே ஆட்டல். கண்ணைப் பள்ளிவாசல் பக்கம் திருப்பி, திரும்பவும் மகனைப் பார்த்தார். என் மணிக்கூட்டில் ஆறு இருபது. எட்டு நிமிடம். எட்டு நிமிடம் இந்த இருதயம் தாங்காது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆரவாரம் இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காத சத்தம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த உடனே சொல்லியும்விட்டேன்.

“வாங்கு சொல்லியாச்சு ராத்தா. இந்தச் சத்தத்தில உங்களுக்குக் கேக்கல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. நான் வேறு ஆள், எனக்கு வாங்கைப் பற்றி என்ன அக்கறை? கண்ணைப் பாவாவின் பக்கம் திருப்பினார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. பாவா என்னைப் பார்த்தான். இருபத்து மூன்று வயதுப் பொடியன், வாழ்க்கையில் ஒரு நோன்பை விட்டவன் இல்லை, உம்மாவிடம் பொய் சொன்னவன் இல்லை.

“ஓம் உம்மா” என்றான். “சொல்லிட்டாங்க. நோன்பத் தொறங்க.”

அவர் உதடு “பிஸ்மில்லா” என்று அசைந்தது. வாய் திறந்தது. பாவா குளிசையை நாக்குக்குக் கீழே வைத்தான்.

நான் நாடியில் விரலை வைத்தபடி இருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூன்றாம் நிமிடத்தில் அவர் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு எடுத்தார். உம்மு அழத் தொடங்கினார். “வேனுக்கு ஆள் அனுப்புங்க” என்று நான் முறிந்த வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினேன். யாரோ ஓடினார்கள். மைதானத்துச் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து, நோன்பு துறக்கப் போகிறவர்கள் கலைந்து போகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதிக்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்தது. வாங்கு தொடங்கிற்று.

ராத்தாவின் கண் திறந்தது. முழு வாங்கையும் அசையாமல் கேட்டார். கேட்டு முடியும்வரை மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவா தலையைக் குனிந்துகொண்டான், அவன் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் மணலில் சொட்டியது. பொய்யைத் தொடங்கி வைத்தவன் நான். என்னை அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை. பார்த்து ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருதயத் தசையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது, இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று அங்குள்ள டொக்டர் அச்சிமுகம்மதுவிடம் சொன்னாராம். ஊரும் பாவாவைக் குறை சொல்லவில்லை. பெற்ற தாய்க்காக விட்டான், நல்ல பிள்ளை என்றுதான் எல்லாரும் வாய்நிறையச் சொன்னார்கள். ஆனால் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், “ஒரு அடிதானே, பத்து செக்கன். அத முடிச்சிட்டு ஓடியிருக்கலாம்” என்றான். நான் பிளேன்டீக் கோப்பையை மேசையில் அடித்து வைத்துவிட்டு, அவனுடைய உம்மாவையும் சேர்த்து இழுத்து நல்ல கிழி கிழித்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் அந்தப் பேச்சு ஏற்கனவே பாவாவின் காதுக்குப் போயிருந்தது.

பாவா அதற்குப் பிறகு கோலுக்கு நிற்கவில்லை. கழகத்துப் பொடியன்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டுப் பார்த்தார்கள், நானும் சொல்லிப் பார்த்தேன். “ஏலாது ஐயா. பந்து வாறது தெரியிதில்ல. காது பின்னாலேயே போகுது” என்றான். வாப்பாவோடு கருவாட்டு லொறியில் போகத் தொடங்கினான். பின்னேரங்களில் மைதானத்துப் பக்கம் வருவதில்லை.

ஒக்டோபரில் ராத்தா மருந்தெடுக்க வந்தார். நல்லவேளையாக வரிசை இல்லை. உடம்பு பாதியாகியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல்தான். மூன்று மாதமாக மனதில் கிடந்ததை நான் சொல்லிவிட்டேன்.

“ராத்தா, அண்டைக்கு வாங்கு சொல்லியாச்செண்டு முதல்ல பொய் சொன்னது நான்தான். பாவா இல்ல. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“அது எனக்குத் தெரியும் ஐயா. நோன்பு போனா இன்னொரு நாளைக்குக் களாப் புடிக்கலாம். புடிச்சும் முடிச்சிட்டன்” என்றார். டொக்டர் கூடாதென்றிருந்தும், அந்த ஒரு நாள் நோன்பை யாருக்கும் சொல்லாமல் ஈடு செய்திருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “அவன் விட்ட பந்துக்கு நான் என்னத்தக் களாப் புடிக்கிற ஐயா? அதுக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க.”

பேச்சை மாற்றுவதற்காக, குளிசை முடிந்ததா, புதிய போத்தல் தரவா என்று கேட்டேன். அவர் முந்தானையை அவிழ்த்துப் பழைய போத்தலை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட குளிசைகள் ஒன்றும் குறையாமல் அப்படியே நிறைய இருந்தன.

“மெச் பாக்கிறத விட்டிட்டீங்களா?” என்றேன்.

“இல்ல ஐயா, எல்லாம் பாக்கிற. போன வெள்ளிக்கிழமையும் பெனால்டி வரைக்கும் வந்திச்சி.”

“பிறகென்ன ராத்தா, நல்ல சுகம்! டொக்டர் கேட்டால் சந்தோசப்படுவார்.”

“சுகந்தான் ஐயா” என்றார். “கோலுக்குள்ள மகன் இல்ல. இனி இந்த நெஞ்சு ஆருக்காகத் துடிக்கிற?”